ஜாமீன் நிற்பவர்

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, பத்திரிகை அச்சுக்குப் போகும் அவசரத்தில் நாம் இருந்தபோது, வாலிபர் ஒருவர் நம் காரியாலயத்திற்கு வந்தார். களையான முகம், அடக்கமான பேச்சு. பி.ஏ. தேறி இரண்டு வருஷங்கள் ஆகிவிட்டன என்றும், எங்கே விண்ணப்பம் போட்டாலும் பதிலே வருவதில்லை என்றும் சொன்னார். “ஐயா, தாங்கள் ஒரு சிபார்சுக் கடிதம் கொடுத்தால் போதும், நான் பிழைத்துக்கொள்வேன்” என்றார்.

“யாருக்குத் தம்பி?” என்று கேட்டோம்.

“யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள், ஐயா. தங்களுக்குத் தெரியாத பெரிய மனிதர் உண்டா?”

“உங்களைப் பற்றி நான் என்னவென்று எழுதட்டும்?”

“நல்ல பையன் என்று எழுதுங்கள், ஐயா.”

அவர் நல்ல பையன் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆயினும் அந்தக் கடிதத்தை நாம் எழுதிக் கொடுக்கவில்லை. வாடிய முகத்துடன் அவர் படியிறங்கிப் போனது அன்று முதல் நம் மனத்தில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருக்கிறது. அச்சு இயந்திரம் காத்திருந்தபடியால் அன்று அவருக்கு நாம் காரணம் சொல்லவில்லை. இன்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். அவருக்கு மாத்திரமல்ல, அவரைப்போல் படியேறியிறங்கும் எண்ணற்ற இளைஞருக்கும், அவர்கள் ஏறியிறங்கும் படிகளுக்குச் சொந்தக்காரர்களான கனவான்களுக்கும்.

வக்கீல் தொழிலிலும் பத்திரிகைத் தொழிலிலுமாக நாம் இதுகாறும் கையொப்பமிட்டுக் கொடுத்த சிபார்சுக் கடிதங்களுக்குக் கணக்கில்லை. கேட்டவர் மனம் நோகலாகாதே என்ற தாட்சண்யத்தால் கொடுத்தவையே அவற்றுள் பெரும்பாலன. அவற்றால் ஒருவருக்காவது ஓர் உத்தியோகம் கிடைத்ததாக நமக்கு ஞாபகமில்லை. அதில் வியப்பும் இல்லை. பிறர் நமக்கு எழுதியனுப்பும் அத்தகைய கடிதங்களை நாம் என்ன செய்கிறோம்? பாதி படித்து மேஜையோரத்தில் ஒதுக்கிவிடுகிறோம். எழுதியவருக்கு ஒரு துளி மைக்குமேல் செலவு வைக்காத கடிதம் படிப்பவரிடத்தில் என்ன மதிப்பைப் பெறும்?

நீதி ஸ்தலத்தில் பழகியவர்களுக்கு ஒரு காட்சி நன்கு தெரிந்திருக்கும். குற்றஞ்சாட்டப்பட்டவன் ஒருவன் கூண்டிலே நிற்கிறான். அவன் பரம சாது, ஈ எறும்புக்கும் தீங்கு நினையாதவன் என்று சொல்லுவதற்கு ஊரிலிருந்து பத்துப் பேர் வந்திருப்பார்கள். மாஜிஸ்டிரேட் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்பார். பிறகு ஒருவர் முன்வந்து, தம் நிலத்துப் பத்திரங்களை எடுத்து வைத்து, வாய்தா நாளில் இவன் வாராவிடில் நான் உத்தரவாதம் என்பார். அப்போதுதான் மாஜிஸ்டிரேட் தலை நிமிர்ந்து கூண்டிலிருப்பவனை ஒருமுறை உற்றுப் பார்ப்பார். பத்துப்பேர் புகழ்ந்தபோது அவன் ஒரு வழக்கு எண். ஒருவர் ஜாமீன் நின்றதும் அவன் மனிதனாகிவிட்டான்.

உத்தியோக உலகிலும் இந்த இரு வகையினர் உண்டு. புத்தி சொல்லுவோர் ஒரு வகை; ஜாமீன் நிற்போர் மற்றொரு வகை. முன்னவரை மென்டர் என்றும் பின்னவரை ஸ்பான்ஸர் என்றும் இக்காலத்து ஆங்கிலத்தில் பிரித்துக் கூறுகிறார்கள். 2013-ஆம் ஆண்டில் ஸில்வியா ஆன் ஹ்யூலெட் என்னும் பொருளாதார அறிஞர், மென்டரை மறந்துவிட்டு ஸ்பான்ஸரைத் தேடிக்கொள் என்று தலைப்பிலேயே உத்தரவிட்டு ஒரு நூல் வெளியிட்டார். புத்தி சொல்லுகிறவர் உம் எதிரில் உட்கார்ந்து பேசுகிறார். ஜாமீன் நிற்பவர், நீர் இல்லாத சபையிலே உமக்காகப் பேசுகிறார். பேசியது பொய்த்துப்போனால் முன்னவருக்கு நஷ்டமில்லை. பின்னவருடைய பெயர் கெடும். இதை ஏதோ அமெரிக்கர் இன்று கண்டுபிடித்த புதுமையென்று நம்மவர் மலைக்கவேண்டியதில்லை. வள்ளுவர் பொருட்பாலில் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என்று ஓர் அதிகாரமும், ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமும் வகுத்தார். இரண்டும் அரசனுக்குச் சொன்னவையே; ஆயினும் தேடிப்போகிறவனுக்கு முன்னது, தேடி வந்தவனைச் சோதித்து ஏற்கிறவனுக்குப் பின்னது என்று நாம் பிரித்துக்கொண்டால் பிழையாகாது.

கும்பகோணத்தில் நடந்த இரண்டு விஷயங்களை எடுத்துக்கொள்வோம். அவ்வூர் அரசாங்கக் கலாசாலையில் தமிழ்ப் பண்டிதராக விளங்கியவர் தியாகராச செட்டியார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் மாணாக்கர். 1880-ஆம் ஆண்டில் அவர் அந்த வேலையிலிருந்து ஓய்வு பெறுங்கால், திருவாவடுதுறை மடத்தில் இருந்த ஓர் இளைஞரைத் தம் ஸ்தானத்தில் அமர்த்தவேண்டுமென்று தலைவரிடம் வற்புறுத்தினார். அந்த இளைஞருக்கு வயது இருபத்தைந்துகூட நிரம்பவில்லை. பட்டம் ஒன்றும் கிடையாது. செட்டியார் கையில் இருந்ததெல்லாம் தம் பல்லாண்டுச் சேவையினால் ஈட்டிய நற்பெயர் ஒன்றுதான். அதை அப்படியே எடுத்து அந்த இளைஞருக்கு ஈடாக வைத்தார். மடத்தின் தலைவரிடமும் சென்று அனுமதி பெற்றார். அந்த இளைஞரே பிற்காலத்து மகாமகோபாத்தியாய சாமிநாதையர். சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் அச்சேறியது அந்தக் கலாசாலைப் பதவியில் அவர் அமர்ந்த பின்னர்தான். சென்னைத் திருவல்லிக்கேணியில் அவர் வாழ்ந்த வீட்டுக்கு அவர் சூட்டிய பெயர் ‘தியாகராச விலாசம்’. இதற்குமேல் இதைப்பற்றி நாம் விரிக்கவேண்டியதில்லை. அவரே தம் சரித்திரத்தில் நிறைய எழுதியிருக்கிறார்.

சாமிநாதையர் 1903-ல் சென்னைக்கு மாற்றலாகிப் போனார். அடுத்த ஆண்டு அதே கும்பகோணம் கலாசாலையில் உபகாரச் சம்பளம் பெற்றுச் சேர்ந்தான் ஓர் ஏழைப் பையன். கணிதத்தில் மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டான்; ஆங்கிலக் கட்டுரைப் பரீட்சையில் தவறினான்; உபகாரச் சம்பளம் நின்றது. சென்னைப் பச்சையப்பன் கலாசாலையில் சேர்ந்து படித்தும் எப்.ஏ. தேறவில்லை. 1909-ல் விவாகமும் ஆயிற்று. குடும்பம் என்று ஒன்று ஏற்பட்டபோது, எழுதி நிரப்பிய நோட்டுப் புத்தகங்களைத் தவிர அவனிடத்தில் வேறு ஆஸ்தி இல்லை. அவன் பெயர் ஸ்ரீநிவாச ராமானுஜன் என்பதை நேயர்கள் இதற்குள் ஊகித்திருப்பார்கள். அந்த மேதையின் கதையை ஏதோ நாமகிரித் தாயார் கனவிலே வந்து சொன்னாள், ஹார்டி துரை கப்பல் அனுப்பி அழைத்துக்கொண்டார் என்று இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கனவுக்கும் கப்பலுக்கும் நடுவே நான்கு வருஷங்கள் இருக்கின்றன. நம் காரியாலயத்திற்கு வந்த வாலிபர் அறியவேண்டியது அந்த நான்கு வருஷங்களையே.

1910-ஆம் ஆண்டில் ராமானுஜன் திருக்கோவலூருக்குப் போனார். அங்கே டிப்டி கலெக்டராக இருந்தவர் வி. ராமஸ்வாமி ஐயர், 1907-ல் இந்தியக் கணித சங்கத்தைத் தோற்றுவித்தவர். எத்தனையோ டிப்டி கலெக்டர்கள் இருக்க, இவரைத் தேடிப் போனதே ராமானுஜனுடைய முதல் விவேகம். கேட்டதோ மிகச் சிறிது: தாலூகாக் கச்சேரியில் ஒரு குமாஸ்தா வேலை. ராமஸ்வாமி ஐயர் நோட்டுப் புத்தகங்களைப் புரட்டினார். கேட்டதைக் கொடுக்க மறுத்துவிட்டார்! ரெவினியூ இலாகாவின் அடிப்படியில் இவரை உட்கார்த்தி இவருடைய மேதையை நெரித்துவிட மனம் வரவில்லை என்று அவரே பின்னர் கூறியிருக்கிறார். வேலை கொடுத்திருந்தால் அவருக்கும் எளிது, வந்தவருக்கும் அன்றைய பசி தீர்ந்திருக்கும். அதைச் செய்யாமல், சென்னையிலுள்ள கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். இந்தக் கடிதத்திற்கும் நம்மிடம் அந்த வாலிபர் கேட்ட கடிதத்திற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். எழுதியவருக்கு விஷயம் தெரியும்; எழுதப்பட்டவருக்கும் தெரியும்; கொண்டுபோனவர் கையிலே சரக்கு இருந்தது.

அந்தக் கடிதத்தின் வழியாகப் பி.வி. சேஷு ஐயர், அவர் மூலமாக 1910 டிசம்பரில் நெல்லூர்க் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ். ராவ் அவர்கள் இந்தச் சந்திப்பைப் பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். குள்ளமான, பருத்த, சவரம் செய்யாத ஓர் உருவம், கக்கத்தில் கிழிந்த நோட்டுப் புத்தகத்துடன் நுழைந்ததாம். கண்கள் மட்டும் ஒளி வீசினவாம். நோட்டைப் பார்த்ததும் ராவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவர் மேதையா, பித்தரா என்ற சந்தேகம். மீண்டும் வரச் சொன்னார். மீண்டும் வந்தபோது ராமானுஜன் செய்த காரியத்தை நாம் அடிக்கோடிட்டுக் காட்ட விரும்புகிறோம். எதிரிலிருப்பவர் எவ்வளவு தூரம் பின்பற்றக்கூடும் என்று அவர் அளந்துகொண்டார். முதலில் எளிய முடிவுகளைக் காட்டினார். அவை அச்சிலிருந்த புத்தகங்களைக் கடந்திருந்தன. இவர் அபூர்வ மனிதர் என்பது ராவுக்குப் புலனாயிற்று. அதன்பின் படிப்படியாகக் கடினமானவற்றுக்கு ஏற்றிக்கொண்டு போனார். கடைசியில் ராவ், உமக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். ஆராய்ச்சியைத் தொடர்வதற்கு உயிர்வாழப் போதுமான சொற்பத் தொகை என்பதே விடை. மாதம் 25 ரூபாய் ராவ் தம் கையிலிருந்து கொடுத்து வந்தார்.

தனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டி எதிரியைத் திகைக்க அடிப்பவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம், வாலிப வக்கீல்களில் பாதிப்பேர் அப்படித்தான் கேஸை இழக்கிறார்கள், நாமும் இழந்திருக்கிறோம். நமக்காக வாதாட வேண்டியவருக்கு நம் கேஸ் புரிந்தால்தானே அவர் வாதாட முடியும்?

அந்த 25 ரூபாயை ராமானுஜன் காலமெல்லாம் வாங்கிக்கொண்டிருக்கவில்லை. எவருக்கும் நெடுநாள் பாரமாக இருக்க அவர் இசையவில்லை. 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுக டிரஸ்டுக்கு விண்ணப்பம் செய்துகொண்டார். பிரஸிடென்ஸி காலேஜ் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் முன்னரே எழுதிக் கொடுத்திருந்த நற்சான்றும் உடன் சென்றது. மார்ச்சு முதல் தேதியில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கு இலாகா குமாஸ்தாவாக அமர்ந்தார். ஆதரித்தவருக்கும் ஆதரிக்கப்பட்டவருக்கும் இடையே கசப்பு விளைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கொடுப்பவருக்கு அலுப்பும் வாங்குபவருக்குக் கூச்சமும் வளர்ந்து, கடைசியில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கமுடியாத நிலை வந்துவிடும். ராமானுஜன் உரிய காலத்தில் தாமாகவே விலகிக்கொண்டபடியால் ராவ் கடைசிவரை அவருடைய நண்பராகவே இருந்தார்.

துறைமுக டிரஸ்டில் அதிகாரியாக இருந்தவர் எஸ். நாராயண ஐயர். முன்பு கணித ஆசிரியராக இருந்தவர். கணித சங்கத்திலும் பங்குகொண்டவர். அவருக்கு மேலே டிரஸ்டின் தலைவர் ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங் என்னும் இஞ்சினீயர். ஸ்பிரிங் துரைக்கு நாராயண ஐயரிடத்தில் பூரண நம்பிக்கை. இந்த நம்பிக்கையே நாராயண ஐயரின் மூலதனம். வெள்ளைக்கார மேலதிகாரியின் கீழிருந்த ஓர் இந்தியருக்கு அந்நாளில் அத்தகைய மூலதனம் எவ்வளவு காலத்துச் சேமிப்பு என்பதைச் சொல்லவேண்டியதில்லை. கட்டுக் காகிதங்களைத் தேடியெடுத்து அவற்றில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் குமாஸ்தாவைக் கண்டால் வேறு அதிகாரி என்ன செய்திருப்பார்? அபராதம் போட்டிருப்பார். நாராயண ஐயரோ இரவு நேரங்களில் அவருடன் உட்கார்ந்து பலகைகளில் கணக்குகளை ஆராய்ந்தார். வெறும் வியப்போடும் நின்றுவிடவில்லை. இரண்டு வரியில் தாவிவிடுகிற இடத்தில் பத்து வரி எழுது, என்னைப் போன்றவர்களுக்கு விளங்கும்படி எழுது என்று அவர் ராமானுஜனை வற்புறுத்திவந்ததாக அவர் குடும்பத்தார் நினைவு கூர்ந்திருக்கிறார்கள். புகழ்வது எளிது. தாம் ஜாமீன் நிற்கப்போகும் சரக்கைப் பிறர் சோதிக்கக்கூடிய நிலைக்குக் கொண்டுவர இரவெல்லாம் பாடுபட்டாரே, அது அரிது. அதன்பின் ஸ்பிரிங் துரையிடம் எடுத்துச் சொன்னார். துரை கணிதவாணர் அல்லர். நாராயண ஐயரை நம்பினார். ஆகையால் ராமானுஜனையும் நம்பினார்.

சீமைக்கு எழுதியதிலும் அதே இரு வகை மனிதர்கள் எதிர்ப்பட்டார்கள். சென்னை இஞ்சினீயரிங் காலேஜைச் சேர்ந்த கிரிபித் என்பவர் லண்டனிலிருந்த பேராசிரியர் ஹில் என்பவருக்கு ராமானுஜனுடைய கணக்குகளை அனுப்பினார். 1912 டிசம்பரில் ஹில் கவனமாகவே பதில் எழுதினார். பிழைகளைச் சுட்டிக்காட்டினார், படிக்கவேண்டிய நூல் இன்னதென்றும் சொன்னார். பொறுப்பை ஏற்க முன்வரவில்லை. அவர்மேல் குற்றமில்லை; அவர் தந்தது புத்திமதி, நல்ல புத்திமதியே. 1913 ஜனவரி 16-ந் தேதி ராமானுஜன் கேம்பிரிட்ஜிலிருந்த ஜி.எச். ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். தாம் துறைமுக டிரஸ்டில் வருஷத்திற்கு 20 பவுன் சம்பளம் வாங்கும் குமாஸ்தா என்று உள்ளதை உள்ளபடி முதல் வரியிலேயே சொல்லிவிட்டு, தாம் கண்ட சூத்திரங்களைப் பக்கம் பக்கமாக வரைந்திருந்தார். ஹார்டி தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் இருந்து ஆராய்ந்தார். பிப்ரவரி 8-ந் தேதி நிரூபணங்களைக் கேட்டுப் பதில் எழுதினார். ராமானுஜனுடைய மறுமொழி நம் இளைஞர் மனனம் செய்யத்தக்கது. மூளையைக் காப்பாற்ற முதலில் வயிற்றுக்கு உணவு வேண்டியிருக்கிறது. தங்களிடமிருந்து ஆதரவான ஒரு கடிதம் வந்தால் ஸர்வகலாசாலையிலோ அரசாங்கத்தினிடமோ உபகாரச் சம்பளம் பெற உதவும் என்று எழுதினார். எதற்காக, எவரிடத்தில் காட்டுவதற்காக என்பதெல்லாம் அதிலே தெளிவாக இருந்தன. யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள் என்று அவர் எழுதவில்லை.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1913 பிப்ரவரி 25-ல் சென்னைக்கு வந்திருந்த வானிலை இலாகாத் தலைவர் கில்பர்ட் வாக்கருக்கு ஸ்பிரிங் துரை கணக்குகளைக் காட்டினார். வாக்கர் மறுநாளே ஸர்வகலாசாலைக்கு எழுதினார். பட்டமில்லாத ஒருவருக்கு மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டாண்டுக்கு ஆராய்ச்சிச் சம்பளம் கிடைத்தது. மே முதல் தேதி தொடங்கிற்று. 1914-ல் சொற்பொழிவாற்றச் சென்னைக்கு வந்த நெவில் என்பவர் சீமைப் பிரயாணத்திற்காக ஸர்வகலாசாலைக்கு எழுதினார். ஸ்பிரிங் கவர்னர் லார்டு பெண்ட்லண்டின் காரியதரிசிக்கு எழுதினார். வருஷத்திற்கு 250 பவுன் கிடைத்தது. மார்ச்சு 17-ந் தேதி கப்பல் புறப்பட்டது. திருக்கோவலூரிலிருந்து கேம்பிரிட்ஜ் வரை எண்ணிப் பாருங்கள்: எத்தனை கைகள்! எந்த ஒரு கைக்கும் இவ்வளவு நீளம் கிடையாது. ஒவ்வொருவரும் தம் கைக்கெட்டிய அடுத்தவரிடம் சேர்த்தார், சேர்த்தபிறகும் மறந்துவிடவில்லை.

கேம்பிரிட்ஜில் நடந்த ஒரு செய்தியை மட்டும் விட்டுவிட மனமில்லை. 1917-ல் ராமானுஜனை டிரினிட்டி கலாசாலையின் பெல்லோவாக்க ஹார்டி முயன்றார், முயற்சி தோற்றது. யுத்தத்தை எதிர்த்த பெர்ட்ரண்டு ரஸ்ஸலை 1916-ல் அக்கலாசாலை விலக்கியதுபற்றி ஹார்டிக்கும் அங்குள்ள பலருக்கும் மனஸ்தாபம் ஏற்பட்டிருந்தது. ஜாமீன்தாரருடைய விரோதிகள் ஜாமீன் பெற்றவனுக்கும் விரோதிகளாவது எங்கும் உள்ள வழக்கமே. 1918-ல் ராயல் சொஸைட்டி ராமானுஜனைத் தேர்ந்தெடுத்துவிட்டது. அதன்பின் டிரினிட்டியில் மறுமுறை முயன்றபோது, அவருக்காக முன்னின்று வாதாடியவர் லிட்டில்வுட், ஹார்டி ஒதுங்கியிருந்தார். அக்டோபரில் பெல்லோ பதவி கிட்டியது. தம் பெயரே இடைஞ்சலாகிவிட்டதென்று கண்டு பின்வாங்குகிற பெருந்தன்மை, முன்னின்று பேசும் தைரியத்தைவிடச் சிறிதும் குறைந்ததன்று என்பது நம் அபிப்பிராயம்.

இனி, சொல்லக் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ராமஸ்வாமி ஐயர், சேஷு ஐயர், ராமச்சந்திர ராவ், நாராயண ஐயர்: இந்த நால்வரும் ராமானுஜனைப் போலவே அந்தண வகுப்பினர். அவர்கள் ஜாதி பார்த்து ஆதரித்தார்கள் என்று நாம் கூறவில்லை. கணக்கைப் பார்த்தே ஆதரித்தார்கள். ஆனால் கணக்கு அவர்கள் கண்ணில் படுவதற்கு முன்பு, ராமானுஜன் அவர்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டவேண்டியிருந்தது. பரீட்சையில் தவறிய ஓர் ஏழை ஐயங்கார்ப் பையனுக்கு 1910-ல் அந்த வாசல் திறந்திருந்தது. அதே மேதையுடன் சேரியிலே ஒருவன் பிறந்திருந்தால், கக்கத்தில் நோட்டுப் புத்தகத்துடன் எந்த டிப்டி கலெக்டர் வீட்டுத் திண்ணை வரையில் அவன் வந்திருக்க முடியும்?

இதற்கு விடை தேட நாம் கற்பனையில் இறங்கவேண்டியதில்லை. ராமானுஜன் ஹார்டிக்கு எழுதிய அதே 1913-ஆம் ஆண்டில், பம்பாய் எல்பின்ஸ்டன் காலேஜில் பி.ஏ. தேறிய ஒருவர் பரோடா மகாராஜா சாயாஜி ராவ் கெயிக்வாட் அளித்த உபகாரச் சம்பளத்தில் அமெரிக்காவின் கொலம்பியா ஸர்வகலாசாலைக்குச் சென்றார். அவரே டாக்டர் அம்பேத்கர். அவர் பள்ளியிலிருந்தபோதே அவருடைய ஆர்வத்தைக் கண்டு, புத்தகம் கொடுத்து, மகாராஜாவின் கவனத்திற்குக் கொண்டுசென்றவர் கேலுஸ்கர் என்னும் மராட்டி ஆசிரியர். தம் ஜாதிக்கு அப்பால் நோக்கிய கேலுஸ்கரும், பணத்தைத் தந்த மகாராஜாவும் வணக்கத்திற்குரியவர்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஒப்பந்தப்படி 1917-ல் பரோடா சமஸ்தான சேவைக்கு அம்பேத்கர் திரும்பினார். கொலம்பியாவில் படித்துவந்த அந்த உத்தியோகஸ்தரிடம் காரியாலயச் சேவகர்கள் தஸ்தாவேஜுகளைத் தூரத்திலிருந்து வீசியெறிந்தார்கள். தங்குவதற்கு இடமில்லை. பார்ஸிகளின் விடுதியொன்றில் தங்கினார். சில நாட்களில் தடிகளுடன் ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேறச் சொல்லிற்று. நண்பர் இருவரிடம் ஒதுங்க இடம் கேட்டார். ஒருவர் ஹிந்து, ஒருவர் கிறிஸ்தவர். இருவரும் சாக்குச் சொன்னார்கள். பம்பாய்க்கு ரயிலேறிவிட்டார். இதையெல்லாம் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

மகாராஜாவின் வார்த்தை கடல் கடந்து நியூயார்க் வரையில் செல்லுபடியாயிற்று. அவருடைய சொந்தக் கச்சேரியின் தாழ்வாரத்தில் செல்லுபடியாகவில்லை! பணம் கொடுத்து அனுப்பியதோடு ஜாமீன்தாரரின் கடமை தீர்ந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? புதியவனை ஒரு நாற்காலியில் உட்கார்த்துவது சுலபம். அந்த நாற்காலியைச் சுற்றியிருப்பவர்கள் அவனுக்கு மரியாதை செய்கிறார்களா, அவன் எங்கே உண்கிறான், எங்கே உறங்குகிறான் என்று விசாரிப்பவரே முழு ஜாமீன்தாரர். நாராயண ஐயர் அன்றாடம் பக்கத்தில் இருந்தார். மகாராஜா அரண்மனையில் இருந்தார். நம் நாட்டில் நல்லெண்ணம் படைத்த பிரபுக்களுக்குக் குறைவில்லை. பக்கத்தில் இருப்பவர்கள்தாம் குறைவு.

தொழிற்சாலைகளிலும் பாங்குகளிலும் பத்திரிகைகளிலும் பதவியில் இருக்கும் நம் நேயர்கள் தங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். கடந்த ஐந்தாண்டில் எவருக்காக நாம் நம் பெயரை ஈடு வைத்தோம்? அவர்களில் எத்தனை பேர் நம் ஊர், நம் ஜாதி, நாம் படித்த கலாசாலை, நம் மைத்துனருக்கு வேண்டியவர் என்ற வட்டத்திற்கு வெளியே பிறந்தவர்கள்? எத்தனை பேர் பெண்கள்? நாம் இந்தக் கேள்வியை நம்மையே கேட்டுப் பார்த்தோம். வந்த விடை அச்சிடத் தக்கதாக இல்லை.

அன்று வந்த வாலிபருக்கு இப்போது கடிதம் எழுதியிருக்கிறோம். அவர் கேட்ட கடிதம் அல்ல. மறுபடி வரும்படி எழுதியிருக்கிறோம். வரும்போது ‘நல்ல பையன்’ என்ற பட்டத்தை விட்டுவிட்டு, தாம் சுயமாகச் செய்த ஏதேனும் ஒரு வேலையைக் கொண்டுவர வேண்டும். கட்டுரையோ, கணக்கோ, தம் தெருவின் தண்ணீர்க் கஷ்டத்தைப் பற்றித் திரட்டிய விவரமோ, எதுவானாலும் சரி. எந்த ஸ்தாபனத்தில், எந்த வேலையை விரும்புகிறார் என்பதைத் தீர்மானித்துக்கொண்டு வர வேண்டும். நம் கண்ணுக்குப் பிழையென்று பட்டதைச் சொல்லுவோம். திருத்திக்கொண்டு மீண்டும் வர வேண்டும். ஒரு முறை அல்ல, பலமுறை. அவருடைய வேலையை நாம் அறிந்துகொண்ட பிறகு, நமக்கு விஷயம் தெரிந்த ஒரே ஒருவருக்கு ஒரே ஒரு கடிதம் எழுதுவோம். அவர் தவறிழைத்தால் அந்த மனிதரின் வாசலை நாம் மறுபடி மிதிக்க முடியாது என்பதையும் அவரிடம் மறைக்கப்போவதில்லை. நம் தொழில் அவருக்கு ஏற்றதாக இல்லாவிடில், அவர் தொழிலை அறிந்த வேறொருவரிடம் அழைத்துப் போவோம்.

ராமானுஜனைப் பற்றி ஒன்று பாக்கியிருக்கிறது. 1919 ஜனவரியில் அவர் கடும் நோயுடன் இங்கிலாந்தில் இருந்தார். சென்னை ஸர்வகலாசாலை அவருக்கு ஐந்தாண்டுக் காலம் வருஷத்திற்கு 250 பவுன் அளிக்க முன்வந்தது. 11-ந் தேதியிட்டு அவர் ஸர்வகலாசாலை ரிஜிஸ்திராருக்கு நன்றி தெரிவித்து எழுதினார். இந்தத் தொகை தம் தேவைக்கு மிகவும் அதிகம் என்றார். வருஷத்திற்கு 50 பவுன் தம் பெற்றோருக்குக் கொடுக்க வேண்டும்; தம் அவசியச் செலவு போக மிஞ்சுவதை ஏழைப் பையன்களுக்கும் அநாதைகளுக்கும் பள்ளிச் சம்பளத்தைக் குறைப்பதற்கும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்குவதற்கும் செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவ்வாண்டே இந்தியா திரும்பி, 1920 ஏப்ரல் 26-ந் தேதி சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். அப்போது அவருக்கு வயது 32.